தமிழ் தெரியாத நர்ஸ்

எனக்கு வாய் நீளம்னு ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். மாத்திரையைப் பாதியில நிறுத்திட்டு வர்றவங்களைக் கண்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

மைசூர்ல காசநோய்ப் பிரிவுல நர்ஸ் நான், லிங்கம்மா. சொந்த ஊரு தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளி, வீட்டுல தமிழ்தான். ஆனா டூட்டியில மூச்சு விடமாட்டேன். சேர்ந்த புதுசுல என் தமிழ்ப் பேச்சைக் கேட்டு மத்தவளுங்க சிரிச்சாளுங்க. தமிழுக்கு அன்னைக்கு மூடின வாய், பதினெட்டு வருஷம் ஆச்சு.

பழனாத்தாள் அந்தியூர்க்காரி, இங்க விஜயநகர்ல கட்டட வேலைக்கு வந்தவ. முதல் நாள் மாத்திரை கொடுக்கறப்ப, "கன்னடம் வராதுங்கம்மா, தமிழ்ல சொல்றீங்களா?"ன்னு கேட்டா. கூட வேலை பாக்கிற மனிஷா பக்கத்துலயே நின்னா. "தமிளு கொத்தில்லா"ன்னு கையை விரிச்சேன். தெரியாதாம் எனக்கு! அப்புறம் வழக்கமான பாடத்தைக் கன்னடத்துல ஒப்பிச்சேன். இந்த மருந்து ஒடம்பை விட்டு வெளிய போறப்ப மூத்திரம் செவப்பாப் போகும், பயப்படக் கூடாது, ஆறு மாசம் நிறுத்தவே கூடாதுன்னு. எல்லாத்துக்கும் தலையாட்டுனா. அவளுக்கு ஒண்ணும் புரியலைன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையெழுத்து வாங்கினேன்.

நடுவுல ஃபோன் போட்டு, மாத்திரை சாப்பிடறியான்னு கன்னடத்துலயே கேட்டேன். "ஹௌது, ஹௌது"ன்னா. ஆமாம்னு அர்த்தம், அவளுக்குத் தெரிஞ்ச ஒரே கன்னட வார்த்தை அதுதான். சரின்னு எழுதிக்கிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு எலும்புந்தோலுமா வந்து நின்னா, இருமினா ரத்தம். யாரைக் கேட்டு நிறுத்தினேன்னு கன்னடத்துல கத்தினேன். அவ முந்தானை முடிச்சை அவுத்து மாத்திரைப் பட்டையை நீட்டினா. நாலே நாள் சாப்பிட்டிருக்கா.

"ரத்தமாப் போச்சுங்க, ஒண்ணுக்குப் போறப்ப. வீட்டுக்காரர்கிட்டச் சொல்ல வெக்கமுங்க. உங்ககிட்டக் கேக்கலாம்னா, பாவம், உங்களுக்குத் தமிழ் தெரியாதே."

அவ தப்புப் பண்ணின மாதிரி தலையைக் குனிஞ்சா. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

"அது ரத்தமில்லீங்கக்கா"ன்னேன், எங்கம்மா பேசற பேச்சுல. "மாத்திரையோட நெறமுங்க. ஒடம்பு அதை வெளிய தள்ளுது, அவ்வளவுதான். நாளைக்கும் செவப்பாத்தான் போகும், பயப்படாதீங்க. இனி தினமும் நான் கேப்பேன்."

மனிஷா திரும்பிப் பார்த்தா. பழனாத்தாளுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"எங்கூர்ப் பேச்சாட்டவே இருக்குதே! எனக்கோசரம் கத்துக்கிட்டியா கண்ணு?"

இல்லைன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன்.

"ஆமாங்கக்கா"ன்னேன்.

அவ என் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.