மூன்று முறை அழைக்க வேண்டும்

1

இந்தக் கதையை எழுத எனக்கு யோக்கியதை கிடையாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ‘அறுபது தாண்டியவரா? நம் பகுதியில் உங்களுக்கு வேலை இருக்கிறது. சம்பளம் கிடையாது.’ கீழே ஒரு பட்டியல்: மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு வழிகாட்டுவது, பார்வையற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுவது, பூங்காச் செடிகளைப் பார்த்துக்கொள்வது, தனியாக வசிக்கும் வயதானவர்களைத் தினமும் காலையில் போனில் கூப்பிட்டு நலம் விசாரிப்பது.

எனக்கு அறுபத்திரண்டு. உதவி செய்யும் எண்ணம் துளியும் இல்லை. கதை கிடைக்குமா என்று பார்க்கத்தான் போனேன். பொறுப்பாளர் ஓய்வுபெற்ற செவிலி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எழுத்தாளரா? தினமும் ஒரே நேரத்துக்கு வந்துருவீங்களா?”

தினமும் ஒரே நேரத்துக்கு நான் எழுதியதே இல்லை. பேர் கொடுக்காமல் திரும்பிவிட்டேன். அங்கே பாதி கேட்டதும் வீட்டில் பாதி இட்டுக்கட்டியதும் சேர்ந்ததுதான் இது.

2

முதல் வரி: ‘அவள் தனிமையில் வாடிக்கொண்டி

(அடித்துவிட்டேன். வாடவெல்லாம் இல்லை. மகனும் மருமகளும் தங்கமாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.)

இரண்டாவது முயற்சி: ‘மூத்தோர் சமூகத்துக்கு ஆற்றும் அரும்பணி

(இது வரவேற்புரை.)

நேராகவே சொல்கிறேன். கதையில் வரும் அம்மா ரயில் நிலையத்தில் முப்பத்தோரு வருடம் அறிவிப்பாளர். ரயில்கள் தாமதமாக வந்ததுண்டு. அவர் தவறான நேரம் சொன்னதில்லை. ஓய்வுபெற்ற பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை.

“அத்தை, நான் இங்கதான் நிக்கறேன். மைக்ல சொல்ற மாதிரி சொல்றீங்களே” என்று மருமகள் சிரிப்பாள்.

அறுபத்தாறு வயதில் போய்ப் பேர் கொடுத்தார். ஏழு பேரின் எண்களும் ஒரு பதிவேடும் கிடைத்தன. ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டும். யாராவது எடுக்காவிட்டால் பத்து நிமிட இடைவெளியில் மூன்று முறை அழைக்க வேண்டும். அப்படியும் எடுக்கவில்லையென்றால் உடனே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

3

பட்டியலில் மூன்றாமவர் தையல்காரர். எழுபத்தெட்டு வயது, ஒற்றை ஆள்.

“வணக்கம் ஐயா. எப்படி இருக்கீங்க?”

“இருக்கேன்.”

டக்கென்று வைத்துவிடுவார். எட்டு மாதமாக இதே கதை. ஒரே ஒரு நாள், “சாப்டீங்களா ஐயா?” என்று கேட்டதற்கு, “அதைத் தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?” என்றார்.

(இந்த ஆளைக் கொஞ்சம் இளக்கலாமே என்று ஒரு வரைவில் அவருக்குப் பூனை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தேன். அதையும் விரட்டிவிட்டார்.)

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 9.10. மணி முழுதாக அடித்து ஓய்ந்தது. தையல்காரர் எடுக்கவில்லை.

இங்கே ‘அறிவிப்பாளரின் மனம் பதைத்தது’ என்று எழுதியிருந்தேன். பொய். ‘அப்பாடா’ என்றிருந்தது அவருக்கு. இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். அடுத்து ஓர் ஆசிரியை; பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர். அவருடைய மாடிப்படி வழக்கு, தங்கையோடு மூண்ட சண்டை என்று பேச்சு நீண்டது. பிறகு மற்றவர்கள். பதிவேட்டை மூடப்போகும்போதுதான் தையல்காரர் பெயருக்கு எதிரே இருந்த காலிக் கட்டம் கண்ணில் பட்டது. மணி 10.50.

மறுபடி தையல்காரருக்கு அடிக்கக்கூடக் கை வரவில்லை. நேராகப் பொறுப்பாளரைக் கூப்பிட்டார்.

4

மாடியில் இருந்த வீட்டுக்காரர் மாற்றுச்சாவியால் கதவைத் திறந்தபோது, தையல்காரர் சமையலறைத் தரையில் கிடந்தார். எட்டரை மணிக்கே வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பெலும்பு முறிவு. உயிருக்கு ஆபத்தில்லை.

“மூணு தடவை போட்டுப் பாத்தீங்கல்ல அக்கா?” என்று போனில் கேட்டார் பொறுப்பாளர்.

“பாத்தேன் சிஸ்டர்.”

போனை வைத்த கையோடு அறிவிப்பாளர் பதிவேட்டில் எழுதினார்: 10.25, 10.35, 10.45. முத்துமுத்தான கையெழுத்து.

(அடிக்குறிப்பு: ஒன்பதரைக்கே தூக்கியிருந்தாலும் எலும்பு முறிந்தது முறிந்ததுதான் என்று மருத்துவர் சொல்வதாக ஒரு வரி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். தரையில் கூடுதலாகக் கிடந்த அந்த எண்பது நிமிடம் எக்ஸ்ரேயில் தெரியாது.)

5

“உங்களாலதான் மனுஷன் பொழைச்சாரு” என்று ஆளாளுக்குப் பாராட்டினார்கள். அறிவிப்பாளர் பத்து நாள் பொறுத்துப் பார்த்தார். பதினோராம் நாள் மருத்துவமனைக்குப் போனார். எட்டு மாதம் குரலாக மட்டும் இருந்தவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். எதிர்பார்த்ததைவிடச் சின்ன உருவம்.

“அன்னிக்கு நான் மூணு தடவை அடிக்கலைங்கய்யா. ஒரே தடவைதான்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“தரையில கெடந்தவனுக்கு வேற என்ன வேலை? இப்ப அடிக்கும், இப்ப அடிக்கும்னு காதை அங்கயே வெச்சுக்கிட்டுக் கெடந்தேன். ஒரு தடவைதான் அடிச்சுது.”

“சிஸ்டர் வந்து கேட்டிருப்பாங்களே?”

“மூணு தடவை அடிச்சுதான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.”

“ஏங்கய்யா?”

“இல்லைன்னா உங்களை எடுத்துட்டு வேற ஆளைப் போட்டுருவாங்க. அது மறுபடியும் சாப்டீங்களா, தூங்குனீங்களான்னு ஆரம்பிக்கும். உங்களைப் பழக்கறதுக்கே எட்டு மாசமாச்சு.”

அறிவிப்பாளர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்க. கோவம் இருக்கு” என்றார் தையல்காரர். “ஆனா வெளியில சொல்லிக் காரியத்தைக் கெடுத்துறாதீங்க.”

6

ஒரு வரைவில் அறிவிப்பாளர் தையல்காரர் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டார். எல்லோருக்கும் சௌகரியமான முடிவு, எனக்கும்தான். ஆனால் அதற்குமேல் அந்த அம்மா என் பேனாவோடு வர மாட்டேனென்று நின்றுவிட்டார்.

மறுநாள் காலை பதிவேட்டோடு அலுவலகம் போனார்.

“ஒன்பது பத்துக்கு ஒரு தடவை அடிச்சேன் சிஸ்டர். அதுக்கப்புறம் அடிக்கலை. இந்த மூணும் நானா எழுதினது. அவரு எனக்காகப் பொய் சொல்லிட்டாரு. அவரை ஒண்ணும் கேக்காதீங்க.”

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கெட்டவர் அல்ல. போன வருடம் ஒருவர் இரண்டாவது அழைப்புக்குச் சோம்பி ‘நலம்’ என்று எழுதிவைத்துவிட்டதில், ஒரு பெரியவரை இரண்டு நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். பொய்ப் பதிவு போட்டால் அழைப்பு வேலையிலிருந்து எடுத்துவிடுவது என்ற விதியை அன்றைக்கு எழுதியவர் இவர்தான்.

அடுத்து அவர் என்ன சொன்னார் என்பதை நான்கு விதமாக எழுதிக் கிழித்துவிட்டேன். அனுப்பிவிட்டால் தையல்காரருக்கு யார்? வைத்துக்கொண்டால் நாளைக்கு இன்னொருவர் எழுதும் பொய்யை எந்த வாயால் கேட்பது? தினமும் ஒரே நேரத்துக்கு வர முடியாத நான் இதற்குத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

ஆகவே பொறுப்பாளரின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். பதிவேடு திறந்தே இருக்கிறது. அறிவிப்பாளர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். முதலில் அவரை உட்காரச் சொல்வதா வேண்டாமா என்பதிலிருந்து தொடங்குங்கள்.