காணாமல் போன ‘து’

கெலமங்கலம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செருப்புக் கடை மாடியில், எட்டடி அகலத்தில் ஒரு ஒலிப்பதிவு அறை இருக்கிறது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். அதற்குள் உட்கார்ந்துகொண்டுதான் ரூபா தக்காளி விற்பாள், காலிஃபிளவர் விற்பாள், பழைய சோபாவைப் புதுசாக்கித் தருவாள். எல்லாம் குரலில்தான். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேசிப் பதிவு செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால், வியாபாரிகள் அதை வண்டியில் செருகி நாள் முழுக்கச் சுற்றுவார்கள்.

பத்து வருஷமாக அவள் நம்பியது ஒரே ஒரு என்கோடரை. பேசியதை எம்பி3-யாக மாற்றித் தரும் சின்ன மென்பொருள். அதற்கப்புறம் எத்தனையோ புது வெர்ஷன் வந்துவிட்டது. ரூபா ஒன்றையும் உள்ளே விடவில்லை. “என் குரலுக்கு அதுதான் பொருந்துது” என்பாள், ஜாக்கெட் அளவைச் சொல்வதுபோல.

மே மாதம் கம்ப்யூட்டர் மொத்தமாகக் கண்ணை மூடியது. ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கும் அவள் தம்பி ராஜசேகர், புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தான். என்கோடரையும் ஆகக் கடைசி வெர்ஷனாகப் போட்டான்.

“பழசு என்னடா ஆச்சு?”

“அக்கா, அது நீ கல்யாணம் பண்ண வருஷம் வந்தது. இதுல போட்டுப் பாரு, உன் குரல் கண்ணாடியாட்டம் இருக்கும்.”

போட்டுப் பார்த்தாள். ஹெட்போனில் நன்றாகத்தான் இருந்தது. அதை அவனிடம் சொல்ல மனசு வரவில்லை. “மூக்கடைச்ச மாதிரி கீது” என்று மட்டும் சொன்னாள்.

புதுக் கம்ப்யூட்டரில் முதல் வேலை முனிவேலுக்கு. நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருப்பவர். சீசனில் அவரும் மனைவி மங்கம்மாவும் மினி லாரியில் பழம் ஏற்றிக்கொண்டு வந்து சூளகிரி சர்வீஸ் ரோட்டில் நிறுத்தி விற்பார்கள். நாதஸ்வரத்தில் கணீரென்று தொடங்கி, “வாங்க வாங்க, தோட்டத்து மாம்பழம்” என்று போய், கடைசியில், “ஒரு பழத்துல கூட புழு இருக்காது!” என்று ரூபா முடித்திருந்தாள். அந்த முடிப்பில் அவளுக்கே ஒரு பெருமை.

மூன்றாம் நாள் முனிவேல் மாடிப்படி ஏறி வந்தார். முகம் காய் மாதிரி விறைத்திருந்தது.

“ஏம்மா ரூபா, நான் உனக்கு என்னா கெடுதல் பண்ணேன்?”

“என்னாங்ணா ஆச்சு?”

“ரோட்டுக்கு வந்து கேளு. ‘ஒரு பழத்துல கூட புழு இருக்கா’ங்குது. அதோட நின்னுபோய் மறுபடி ‘வாங்க வாங்க’ன்னு ஆரம்பிக்குது. கம்பெனி விட்டு வர்ற பொம்பளைங்க வண்டியச் சுத்தி நின்னுகினு சிரிக்கிறாங்க. ‘உங்க லாரிக்கே சந்தேகமா இருக்குதே’ன்னு ஒருத்தி கேக்கறா!”

ரூபா அந்த ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினாள். ‘இருக்காது’ முழுசாக, அழுத்தம் திருத்தமாக வந்தது. முனிவேல் சந்தேகத்தோடு ஸ்பீக்கரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

“இங்க வருது. அங்க மட்டும் ‘து’ எங்கம்மா போவுது?”

அவர் படியிறங்கியதுமே ரூபா தம்பிக்கு போன் போட்டாள். “உன் புது வெர்ஷன் என் வார்த்தையத் தின்னுடுச்சு. பழசப் போட்டுக் குடு.”

“வெர்ஷன் மேல பழி போடாதக்கா. கம்பெனில ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனா, மெஷினை மாத்திட மாட்டோம். மொதல்ல டெஸ்ட் பண்ணுவோம்.”

“பண்ணு. என் காதுக்குத் தெரியாதா? எது பழசு எது புதுசுன்னு கண்ண மூடிக்கினு சொல்லுவேன்.”

“நானும் சொல்லுவேன்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சூளகிரியில் சோதனை. ஒரே பதிவைப் பழைய வெர்ஷன், நடுவில் வந்த ஒன்று, புதியது என மூன்றிலும் மாற்றி, ஒரே மாதிரியான மூன்று பென்டிரைவில் ராஜசேகர் கொண்டு வந்திருந்தான். எது எதில் என்று சின்னச் சீட்டு எழுதி ஒட்டியிருந்தான். மங்கம்மா அவற்றை வாங்கி முந்தானைக்குள் வைத்துக் குலுக்கினாள். சீட்டு தெரியாதபடி கையால் மறைத்து ஒவ்வொன்றாக லாரியின் பிளேயரில் செருகினாள். பக்கத்தில் நெடுஞ்சாலையில் கண்டெய்னர்கள் இரைந்துகொண்டு போயின. மேலே புனல் ஸ்பீக்கர் வானத்தைப் பார்த்து அலறியது.

முதலாவது முடிந்ததும் ரூபா கையைத் தூக்கினாள். “இதான் புதுசு. சளி பிடிச்சவ பேசற மாதிரியே கீது.”

இரண்டாவது ஓடும்போது அவள் கண் தானாக மூடிக்கொண்டது. “ஆ! இது என்னோட பழசு. எவ்ளோ சுத்தம் பாரு.”

ராஜசேகர் மூன்றாவதற்குக் காத்திருந்து, தலையை ஆட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான். “இதாங்க்கா புதுசு. செவிடனுக்குக்கூடத் தெரியும்.”

மங்கம்மா சீட்டுகளைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒவ்வொன்றாக வாசித்தாள். “மொதல்ல ஓடுனது பழசு. ரெண்டாவது புதுசு. மூணாவது நடுவுல வந்தது.”

ரூபாவுக்குக் காது சூடேறியது. பத்து வருஷமாக உயிரென்று நினைத்ததைச் சளி என்று சொல்லியாகிவிட்டது. வேண்டாம் என்று தள்ளியதைக் கண்மூடி ரசித்தும் ஆகிவிட்டது. தம்பி சிரிப்பான் என்று திரும்பினாள். அவனோ ஷூ நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ரெண்டு பேரும் தோத்தீங்க, சரி” என்றார் முனிவேல். “என் ‘து’ என்னாச்சு? மூணுலயும் வரலயே!”

அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. யாருடைய காது பெரிது என்ற போட்டியில் வந்த காரியத்தையே மறந்துவிட்டார்கள். மூன்று வெர்ஷனிலும் வாக்கியம் ‘புழு இருக்கா’ என்றே அறுந்திருந்தது. அப்படியானால் வெர்ஷன் மேல் குற்றமில்லை.

ராஜசேகர் லாரியின் படியில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் பிடரியைச் சொறிந்தான். அது அவன் தப்பை ஒப்புக்கொள்ளப் போகும் அடையாளம் என்று ரூபாவுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும்.

“அக்கா… நான் ஒரு செட்டிங் மாத்தினேன். சத்தம் நெறைய இருக்கற எடத்துல ஃபைல்ல நெறைய எழுதும், கம்மியா இருக்கற எடத்துல கம்மியா எழுதும். குவாலிட்டி நல்லா வரும்னு டிக் பண்ணேன். மூணுக்கும் அதே செட்டிங்கத்தான் வெச்சேன்.”

“அதுக்கும் ‘து’வுக்கும் என்னாடா சம்பந்தம்?”

“இந்த பிளேயர் மட்டமானது. ஆரம்பத்துல ஒரு நொடிக்கு எவ்ளோ எழுதியிருக்குன்னு பாத்து, ஃபைல் சைஸ அதால வகுத்து, மொத்தம் எவ்ளோ நேரம்னு கணக்குப் போட்டுக்குது. நம்மளுது ஆரம்பத்துலயே நாதஸ்வரம். நெறைய எழுதியிருக்கு. கடைசி வரைக்கும் இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சு, பாட்டு சீக்கிரம் முடிஞ்சிடும்னு முன்னாடியே நிறுத்திடுது. நீ பழையபடி எல்லா எடத்துலயும் ஒரே அளவா எழுத வெச்சிருந்த. அதான் இத்தன வருஷமா கோளாறு வரல.”

ரூபாவுக்கு உடனே ஆயிரம் வார்த்தை வந்தது. சீட்டு வாசித்த குரல் இன்னும் காதில் இருந்ததால் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, “ஒரே அளவா வெச்சு, புதுசுலயே போடு” என்றாள். ராஜசேகர் நிமிர்ந்து பார்த்தான். “பாக்காத. காது கேட்டதத்தான் சொல்றேன்.”

அங்கேயே மாற்றிப் போட்டார்கள். ‘ஒரு பழத்துல கூட புழு இருக்காது!’ புனல் ஸ்பீக்கர் கடைசி எழுத்துவரை முழங்கியது. முனிவேல் இரண்டு கையையும் கூப்பினார்.

மங்கம்மா மட்டும் பிளேயரை அணைத்துவிட்டாள். “எனக்கு இது வேணாம்.”

“என்னாத்துக்கு?” என்றார் முனிவேல்.

“அஞ்சு நாளா நீ லாரிக்குள்ள மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்திருந்த. வியாபாரம் பாத்தது நானு. அது ‘புழு இருக்கா’ன்னு கேட்ட ஒடனே, ஒரு பழத்த எடுத்து எல்லார் முன்னாடியும் ரெண்டா அறுத்து, ‘நீயே பாரும்மா’ன்னு நீட்டுவேன். தின்னவ ரெண்டு கிலோ வாங்காமப் போனதில்ல. போன வருஷம் சாயங்காலம் ஆறு வரைக்கும் நின்னோம். இப்ப மூணு மணிக்கே கூடை காலி. கவனிச்சியா?”

முனிவேல் கவனித்திருக்கவில்லை. கூடையை ஒருமுறை பார்த்தார், மனைவியை ஒருமுறை பார்த்தார்.

“மங்கம்மாக்கா, அரைகுறையா அறுந்ததெல்லாம் என் பேர்ல குடுக்க முடியாது” என்றாள் ரூபா. “கேள்வியா வேணும்னா கேள்வியாவே பேசித் தர்றேன். பதில நீங்க பேசுங்க. நாளைக்கு மாடிக்கு வாங்க.”

மறுநாள் மங்கம்மா பட்டுப் புடவையில் வந்தாள். மைக் முன்னால் உட்கார்ந்ததும் வாய் ஒட்டிக்கொண்டது. முதல் தடவை இருமினாள். இரண்டாவது தடவை கத்திய கத்தலில் கீழே செருப்புக் கடைக்காரர் ஓடி வந்தார். மூன்றாவதாக, ரூபா ஒரு மாம்பழத்தையும் கத்தியையும் அவள் கையில் கொடுத்தாள். பழம் அறுபட்டதும் குரல் தானாக வந்தது: “நீயே பாரும்மா, தேனு!” கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் போகும் நாளுக்கென்று அதையே கன்னடத்திலும், “நீவே நோடி” என்று பேசிவிட்டுத்தான் எழுந்தாள்.

ரூபா என்கோடரைத் திறந்து, ஒரே அளவு என்பதில் டிக் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்து மாற்றினாள். மங்கம்மா ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு தன் குரலையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கீழே முனிவேல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அவள் எழுந்திருப்பதாக இல்லை.