மெர்ஸ்டோ மணியின் வஞ்சம்

மெர்ஸ்டோ பேராலயத்தின் பெரிய மணி ஆள் பார்த்துத்தான் ஒலிக்கும். ஊர்க்காரர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. உள்நாட்டுப் போரில் சிப்பாய்கள் மேற்கு முகப்பிலிருந்த புனிதர் சிலைகளின் மூக்கை உடைத்ததைப் பற்றியென்றால் மூச்சுவிடாமல் பேசுவார்கள். யாராவது உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் அந்த மணியை அடிப்பது வழக்கம். ஓசை கேட்டதும் ஆள் சிரமப்படாமல் போய்விடுவார். ரொட்டிக்காரருக்கு அடித்தார்கள், ஆட்டுத் திருடனுக்கும் அடித்தார்கள். ஆயுள் முழுக்க அதன் கயிற்றை இழுத்த ஓபட் கிரிண்டலுக்கு மட்டும் அடிக்கவில்லை.

கோபுரத்தில் உட்கார்ந்து பீர் குடித்தார் என்பது தலைமைக் குரு பெவரல் சொன்ன காரணம். பீர் குடிக்காமல் மணியடித்தவன் அந்த ஊரில் பிறக்கவே இல்லை. ஓபட்டின் மனைவி கெசியா நனைந்த சால்வையோடு குருவின் வாசலில் போய் நின்றாள்.

"ஐயா, மனுஷன் கெடந்து துடிக்கிறாரு. ஒரே ஒரு தடவை அடிக்கச் சொல்லுங்கய்யா."

"குடிகாரனுக்கெல்லாம் அடிச்சா, அப்புறம் அந்த மணிக்கு என்னம்மா மரியாதை?" என்ற குரு, கதவைச் சாத்திவிட்டு வறுத்த வாத்து சாப்பிடப் போனார்.

ஓபட் ஒரு வாரம் துடித்துச் செத்தார். புதைத்த கையோடு கெசியா கோபுரத்தில் ஏறி, மணியின் வாய்க்குள் தலையை விட்டு ஏதோ சொன்னாள். வயிறெரிந்து சொன்னது, வீண்போகவில்லை.

பல ஆண்டுகள் கழித்துப் பெவரல் படுக்கையில் விழுந்தார். ஆட்கள் சேர்ந்து கயிற்றை இழுத்தார்கள். மணி ஆடியது, நாக்கு விளிம்பில் மோதியது, சத்தம் மட்டும் வரவில்லை. அதே மாலை மீன்காரியின் அம்மாவுக்கு அடித்தபோது ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. குருவின் தங்கை ஹெஸ்டர், சலவைத் தொட்டியருகே நின்ற கெசியாவின் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் புருஷன் பேரச் சொல்லி நாள் முழுக்க அடிக்கச் சொல்றேன், கெசியா. மணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன். அண்ணன் படுற பாட்டைப் பாக்க முடியல."

"இப்ப அடிச்சு யாருக்கும்மா? அன்னிக்கு வலிச்சப்ப அடிச்சிருக்கணும்."

ஆனாலும் குருவின் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்குள் அவள் நுழைந்தது அதுதான் முதல் முறை. குருவின் கண்கள் கெஞ்சின. கெசியா அவருடைய போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டாள்.

"மெதுவாப் போங்கய்யா. என்ன அவசரம்?" என்றாள். அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

கெசியாவின் காலம் வந்தபோது மணி முதல் இழுப்பிலேயே ஒலித்தது. பெவரல் இன்னும் மாடியறையில்தான் கிடக்கிறார். அவருக்குப் பின் எத்தனையோ குருமார்கள் அந்த வீட்டில் குடியிருந்துவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் மேலே முனகல் கேட்டால், விருந்தினர்கள் கொஞ்சம் உரக்கப் பேசிக்கொள்கிறார்கள்.