சோப்பின் இடுப்பில் ஒரு படி

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் சாப்பாட்டு மேசை கிடையாது. அந்த இடத்தில் என் கணவரும் என் தம்பியும் சேர்ந்து செய்த சி.என்.சி. மெஷின் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்குகிற மெஷின். நாங்கள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். கணவர் பஸ் டிப்போவில் மெக்கானிக், அதனால் இரும்பு வேலை முழுக்க அவருடையது. தம்பி டிவி ரிப்பேர் செய்கிறவன், வயரும் கம்ப்யூட்டரும் அவன் பொறுப்பு. செய்து முடிக்கும்வரை இரண்டு பேரும் நகமும் சதையுமாகத்தான் இருந்தார்கள்.

நான் வீட்டிலேயே சோப்பு செய்து விற்கிறேன். ஒரு பெரிய ஹோட்டலில் சிப்பி வடிவச் சோப்பு கேட்டார்கள். சனிக்கிழமை காலை மாதிரி காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வருடம் முழுக்க அவர்களுக்கு நான்தான். இத்தனை நாளில் என்னைத் தேடி வந்த முதல் பெரிய வேலை அது. சிப்பிக்கு மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு மர அச்சு தேவைப்பட்டது. இதற்குத்தானே மெஷின் என்று இருவரும் மார்தட்டினார்கள். நானும் நம்பித் தொலைத்தேன்.

முதல் அச்சின் பாதிகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. சோப்பின் இடுப்பில் ஒரு படி துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்று கொடுத்தேன், கை வழுக்காமல் இருக்கத்தானே இது என்று கேட்டாள்.

தம்பி அளந்து பார்த்தான். மரத்தைச் சுமக்கிற பலகை ஒரு பக்கமாகப் போகும்போது ஒழுங்காகப் போகிறது, திரும்பும்போது அரை மில்லிமீட்டர் குறைவாக நகர்கிறது என்றான். பலகையைத் தள்ளுகிற நட்டு ஆடுகிறது, அது இரும்புக்காரர் பாடு என்றான். நட்டெல்லாம் கல்லு மாதிரி இருக்கிறது, மோட்டார்தான் தூங்குகிறது, அது வயர்காரன் பாடு என்றார் கணவர். பேச்சு தடித்தது. டிப்போவிலிருந்து கிளம்பி வழியிலேயே நின்றுபோகிற பஸ்களும், இவன் கை வைத்த பிறகு ஊமையான டிவிகளும் வெளியே வந்தன. அன்றோடு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பக்கத்துப் பக்கத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, உப்பு வேண்டுமா என்று என்னை விட்டுக் கேட்டார்கள்.

வியாழக்கிழமை தம்பி சமையலறைக்கு வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒருவேளை தப்பு என் பக்கம்தானோ என்னவோ. திரும்பும்போது அரை மில்லி சேர்த்து ஓடுன்னு கம்ப்யூட்டர்ல போட்டுட்டேன். மாமாகிட்ட சொல்லிடாத."

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் கணவர் வந்தார். நட்டு லேசாக ஆடத்தான் செய்தது, இறுக்கிவிட்டேன், உன் தம்பி காதுக்குப் போக வேண்டாம் என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு கோளாறுக்கு இரண்டு வைத்தியம், இனி என்ன குறை என்று வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த அச்சிலும் படி இருந்தது, ஆனால் எதிர்ப்பக்கம். இப்போது திரும்பும்போது அரை மில்லிமீட்டர் அதிகமாகப் போயிருந்தது. எனக்கே விளங்கிவிட்டது. தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்தேன்.

"ரெண்டு பேரும் சரி பண்ணிட்டீங்க. அதான் கெட்டுப்போச்சு."

யார் என்ன செய்தார் என்பதையும் போட்டு உடைத்தேன். இருவரும் அசடு வழிந்தார்கள். பிறகு திடீரென்று மரியாதை பொங்கியது. மச்சான் செய்ததே இருக்கட்டும் என்றார் இவர். சேச்சே, மாமா செய்ததுதான் முறை என்றான் அவன். ராசியாகிவிட்டார்கள் என்று நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால் புது அச்சு தயார், படி பழைய இடத்திலேயே. மச்சானுக்கு விட்டுக்கொடுத்து இவர் நட்டைத் தளர்த்தியிருந்தார். மாமாவுக்கு விட்டுக்கொடுத்து அவன் கம்ப்யூட்டரில் போட்டதை அழித்திருந்தான். முறைத்துக்கொண்டும் கெடுத்தார்கள், குழைந்துகொண்டும் கெடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டது. நல்ல மரம் ஒரு துண்டுதான் மிச்சம். எனக்குத் தலைக்கேறிவிட்டது. இருவரையும் சோபாவில் உட்காரவைத்தேன், எழுந்தால் சோறு கிடையாது என்றேன். ஸ்பேனரை எடுத்து, நட்டு ஆடாத வரைக்கும் நானே இறுக்கினேன். அங்கிருந்தே எப்படி ஓடவிடுவதென்று தம்பி சொன்னான், ஓடவிட்டேன்.

இரண்டு பாதியையும் சேர்த்து மூடினேன். நகத்தால் தடவிப் பார்த்தும் இணைப்பு தட்டுப்படவில்லை. வெட்கமில்லாமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

யாராவது நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று நிமிர்ந்தேன். இருவரும் எழுந்து வந்து, தோளோடு தோள் உரச மெஷினுக்குள் தலையை விட்டிருந்தார்கள்.

"ரொம்ப இறுக்கிட்டாங்க மாமா."

"ஆமாடா மச்சான். துளி தளர்த்தினா நல்லாருக்கும்."

அச்சை இடுக்கிக்கொண்டு, ஸ்பேனரையும் கீபோர்டையும் கையோடு எடுத்துக்கொண்டு, சோப்பு உருக்கப் போனேன்.