மீன் பெட்டிக்கு முட்டுக்கொடுத்தவன்

படகோடு சேர்த்துக் கட்டிய மீன் பெட்டியில் ஐஸ் நிற்கவில்லையென்று, பெட்டிக்கும் படகுச் சுவருக்கும் நடுவில், பொங்கி இறுகிக் குளிரைக் காக்கும் ஃபோம் கரைசலை ஊற்றினான் என் தங்கச்சி மகன் பாண்டியராஜன். வைகை அணையில் அவனுக்கு மீன்பிடித் தொழில். ஃபோம் பொங்கும்போது பெட்டியின் தகடு உட்பக்கம் வளையாதிருக்க, உள்ளே படுத்து முட்டுக்கொடுக்க என்னை இறக்கினான். ஆர்வத்தில் மூடியையும் சாத்தி, அதன் இரட்டைத் தகட்டுக்கு நடுவிலும் ஊற்றினான். ஃபோம் வழிந்து மூடி ஒட்டிக்கொண்டது.

"ஏலே, மூடிய வெட்டுடா! மூச்சு முட்டுது!"

"வெட்டுனா ஃபோம் வீணாப் போகும் மாமா. இறுகட்டும், பொறுங்க."

ஃபோம் இறுகும்போது கிளம்பிய சூடு வெளியேற வழியில்லாமல், சட்டைப் பையில் இருந்த பச்சை முட்டை அவிந்தது. உரித்துத் தின்றேன். உப்புதான் இல்லை. மூச்சும் தீர்ந்துகொண்டிருந்தது.

அந்நேரம் குமுளி மீன் வியாபாரி குரியன் கரைக்கு வந்தார். பெட்டியை உதைத்தேன்.

"உள்ளே என்னா துள்ளுது?"

"கட்லா, அண்ணாச்சி. உசுரோட இருக்கு" என்றான் பாண்டியராஜன், கூசாமல்.

"கண்டுட்டுத்தான் வாங்குவேன்."

குரியன் கத்தியால் மூடியைச் சுற்றி அறுத்துத் திறந்தார். குனிந்து என் இமையை விலக்கிப் பார்த்தார்.

"கண்ணு மங்கிப் போச்சு. பழசு. எனக்கு வேண்டா."

மூடியைத் திரும்பச் சாத்தப் போனார். நான் வெளியே குதித்துவிட்டேன்.