டப்பாவில் சர்க்கரை

தொண்ணூற்றிரண்டு நாளாயிற்று, எஸ்தர் மாடி அறையின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய். தொண்ணூற்றெட்டாம் வருஷத்துக் காலண்டரில் விஸ்வேஸ்வரன் எண்ணிச் சொன்னார். அவர் மனைவி சரசாவுக்குக் காலண்டர் தேவைப்படவில்லை.

பூனாவில் சிஞ்ச்வட் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸாக இருந்துவிட்டு மஸ்கட் போனவள் எஸ்தர். நிக்டியில் இவர்கள் மாடியில் ஆறு வருஷம் குடியிருந்தாள். அவள் மீன் குழம்பு வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் சரசா முதலில் ஜன்னலைச் சாத்தினாள். இரண்டாம் வருஷம் சாத்த மறந்துபோனாள். பொங்கலோடு மேலே போகும் எவர்சில்வர் டப்பா, முறுக்கோடு இறங்கி வரும். டிசம்பரில் முட்டை போடாத கேக். காலி டப்பாவைத் திருப்பக் கூடாது என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

திங்கட்கிழமை புதுக் குடித்தனம் வருகிறது. அறையைப் பார்க்க இருவரும் மாடிக்குப் போனார்கள். கட்டில், ஸ்டவ், வெள்ளைச் செருப்பு, ஆணியில் தொங்கும் காகித நட்சத்திரம். எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

"பழைய சாமான் எடுக்கற பங்கார்வாலாகிட்ட போட்டுடலாம்னு பக்கத்தாத்துல சொல்றா. அடுத்தவா சாமானை நான் தொட மாட்டேன்," என்றார் விஸ்வேஸ்வரன். "லீவுல வந்து எடுத்துண்டு போறேன்னு உங்கிட்ட சொன்னாளாமே. புதுசா வரவனை வேற இடம் பாத்துக்கச் சொல்லிடறேன்."

"சொல்லிடுங்கோ."

"அவன் ஆத்துக்காரி நிறைமாசம்டி. டெம்போவுக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கானாம். பாவம்."

சரசா செருப்பை நேராக்கி வைத்தாள்.

சமையல் மேடையில் எதையோ எடுத்துக் குலுக்கினார் அவர். "இங்க பாரு, உன் டப்பா! திரும்பி வரப்போறவதான் இதைத் திருப்பாம விட்டுட்டுப் போவா."

மூடியில் சரசாவின் பெயர் வெட்டியிருந்தது. வாங்கித் திறந்தாள். விளிம்பு வரை சர்க்கரை. பூனா மழைக்குக் கட்டி தட்டியிருந்தது. கொடுக்க ஒன்றுமில்லாத நாளில் சர்க்கரையாவது போட்டுத் திருப்புவார்கள். இந்த ஆறு வருஷத்தில் எஸ்தர் அப்படி ஒரு நாளும் திருப்பியதில்லை.

இனி நிரப்ப வேண்டிய முறை சரசாவுடையது.

"ஏன்னா, திங்கட்கிழமையே அவாளைக் குடிவரச் சொல்லுங்கோ."

"அப்போ சாமான்?"

அவள் மூடியை அழுத்தி மூடினாள்.

"லீவுல வருவான்னு நானாத்தான் உங்ககிட்ட சொன்னேன். போற அன்னிக்கே எங்கிட்ட சொல்லிட்டா. இனிமே அவ வரமாட்டா."