ஜோடி இருக்கையின் நடுத் தடுப்பு

அலுவலகத்தில் அவருக்குச் சாய்மானம் என்று பெயர். விமானங்களுக்கு இருக்கை வடிவமைத்துத் தரும் நிறுவனம் அது. அவர் அங்கே மூத்த வடிவமைப்பாளர். எந்த நாற்காலியைக் கண்டாலும் அதன் முதுகைப் பிடித்துப் பின்னால் தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். வேலையில் கெட்டிக்காரர். அதை அவரே சொல்லிக்கொள்வதால் மற்றவர்களுக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை.

"ஒரு ஆள் நடந்து வர்றதைப் பார்த்தாலே போதும். அவருக்கு என்ன வேணும்னு அவரைவிட எனக்கு நல்லாத் தெரியும்" என்பார். கடல் தாண்டிப் பறக்கும் எத்தனையோ பேர், அவர் கேட்காத கேள்விகளுக்கு அவரே சொல்லிக்கொண்ட பதில்களின் மேல் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவருடைய மனைவி மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். நோயாளிகள் அன்பாக முதுகம்மா என்று கூப்பிடுவார்கள். கணவர் சாய்க்கிற முதுகுகளை மனைவி நிமிர்த்துகிறார், குடும்பத்தில் வருமானத்துக்குக் குறைவே வராது என்று உறவினர்கள் கிண்டல் செய்வதுண்டு. அந்த ஜோக்குக்கு முதுகம்மா முதல் சில வருடங்கள் சிரித்தார்.

ஒரு விமான நிறுவனம் தன் பிசினஸ் கிளாஸை அடியோடு மாற்ற விரும்பியது. அதற்கு முன் பயணிகள் எத்தனை வகை என்று கண்டுபிடிக்க ஓர் ஆய்வாளரை நியமித்தது. அவர் கோட்டு சூட்டும் வரைபடங்களுமாக வந்து, நீண்ட தூரம் பறப்பவர்கள் நான்கே வகை என்று அறிவித்தார்: உழைப்பாளி, உறங்காளி, உல்லாசி, உறவாளி. நான்கும் 'உ'வில் தொடங்கியதால் ஆய்வு வெற்றி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். உழைப்பாளிக்கு அகலமான மேசை. உறங்காளிக்குப் படுக்கையாக விரியும் இருக்கை. உல்லாசிக்குப் பெரிய திரையும், கோப்பை கவிழாமல் நிற்க ஒரு பள்ளமும். உறவாளி என்றால் ஜோடியாக வருபவர். அவருக்கு நடு வரிசையில் ஒட்டியபடி இரண்டு இருக்கைகள்.

சோதனைப் பிரிவுப் பொறியாளர், இளம் பெண், கையைத் தூக்கினார். "சார், ஒரே ஆள் முதல்ல கொஞ்சம் வேலை பார்த்து, அப்புறம் ஒரு படம் பார்த்து, அதுக்கப்புறம் தூங்கிட்டா, அவர் எந்த வகை?"

ஆய்வாளர் கனிவோடு புன்னகைத்தார். "அந்த மாதிரி ஆளுங்க எங்க ஆய்வுல வரலம்மா."

விமான நிறுவனத்தின் துணைத்தலைவருக்கு ஜோடி இருக்கைமேல்தான் உயிர். தேனிலவுக்குப் போகிறவர்கள், திருமண நாள் கொண்டாடப் போகிறவர்கள் எல்லோரும் அவர் கண்முன் வரிசையாக வந்து நின்றார்கள். இரண்டு இருக்கைக்கும் நடுவே ஒரு தடுப்பு. பொத்தானை அழுத்தினால் இறங்கும், மறுபடி அழுத்தினால் ஏறும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு பொத்தான்.

"ஒருத்தர் ஏத்தணும்னு நினைச்சு இன்னொருத்தர் இறக்கணும்னு நினைச்சா?" என்று பொறியாளர் மறுபடியும் கேட்டார். கூட்டங்களில் அவருக்கு அதிக நண்பர்கள் இல்லாததற்குக் காரணம் இருந்தது.

"ஜோடின்னா ஒரே மனசுதானேம்மா" என்றார் சாய்மானம். துணைத்தலைவர் மேசையைத் தட்டினார். கடைசியாக அழுத்தியவர் பேச்சையே மோட்டார் கேட்கும் என்று முடிவாயிற்று. வீடுகளில் நடப்பதும் அதுதான் என்பதால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அதே மாதத்தில் சாய்மானத்தின் வீட்டில் வேறொன்று நடந்தது. முதுகம்மாவின் மருத்துவமனை வெளிநாட்டில் புதிதாக ஒரு கிளை திறக்க இருந்தது. அதன் பிசியோதெரபி பிரிவை இரண்டு வருடம் நடத்த முதுகம்மாவை அனுப்பலாம் என்று இயக்குநர் நினைத்தார். ஒரு விருந்தில் சாய்மானத்தைப் பார்த்தவர், பேச்சோடு பேச்சாக அதைச் சொன்னார். சாய்மானம் கையிலிருந்த தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அவளுக்கு அதெல்லாம் சரிப்படாது சார். வீட்டை விட்டு நகரமாட்டா. அந்த டைப் இல்ல" என்று சிரித்தபடி முடித்துவைத்தார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்ல மறந்துவிட்டார். அல்லது சொல்லாமல் இருக்க நினைவு வைத்திருந்தார்.

முதுகம்மாவுக்கு இயக்குநரே சொல்லித்தான் தெரியவந்தது. "உங்க வீட்டுக்காரர் சொல்லிட்டாரேம்மா, அதான் வேற ஆள் தேடிக்கிட்டு இருக்கோம்" என்றார் அவர், ஆறுதல் சொல்லும் குரலில்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றது. சண்டை என்றால்கூட ஒரு சத்தம் இருக்கும். முதுகம்மா சமைத்தார், பரிமாறினார், வேலைக்குப் போனார், வந்தார். சாய்மானம் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஏதோ வேலையாக அடுத்த அறைக்குப் போனார். மனைவிக்கு வேலை அதிகம், களைப்பு என்று சாய்மானம் கணக்குப் போட்டார். மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் படிப்பவர் அல்லவா.

சோதனை நாள் வந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு கிடங்கில், ஒட்டுப் பலகையிலும் நுரையிலும் விமானத்தின் நடுத்துண்டை மட்டும் கட்டி வைத்திருந்தார்கள். இறக்கை கிடையாது, வாலும் கிடையாது. ஜன்னல்களுக்கு வெளியே விளக்குகள். பொத்தானை அழுத்தினால் பொழுது விடியும், சாயும். காலை முதல் மாலை வரை நான்கு வகைப் பயணிகளும் உள்ளே உட்கார வேண்டும். கழிப்பறைக்குத் தவிர யாரும் எழுந்திருக்கக் கூடாது என்பது சாய்மானமே போட்ட விதி.

உறவாளியாக வரவேண்டியவர்கள் துணைத்தலைவரின் மகனும் மருமகளும். அவர்கள் காரில் வரும் வழியிலேயே சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு டாக்சியில் திரும்பிவிட்டார்கள். அந்தத் தகவல் ஆய்வில் சேர்க்கப்படவில்லை.

"உங்க மிசஸைக் கூப்பிடுங்களேன்" என்றார் துணைத்தலைவர். சாய்மானம் போனை எடுக்கத் தயங்கியதைப் பார்த்துத் தானே வாங்கிப் பேசினார்.

முதுகம்மாவுக்கு அன்று விடுமுறை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "சாயங்காலம் வரைக்கும் அவரும் எழுந்திருக்கக் கூடாதா?"

"கூடாதும்மா. விதி."

"இதோ வர்றேன்."

ஜோடி இருக்கையில் இருவரும் அமர்ந்தார்கள். கிடங்கின் மூலையில் ஒரு கண்ணாடி அறை. அதில் துணைத்தலைவரும் ஆய்வாளரும் பொறியாளரும் திரையைப் பார்த்தபடி இருந்தார்கள். திரையில் படம் மட்டும்தான் வரும். ஒலியோ பொறியாளருடைய ஹெட்போனில் மட்டும் வரும், மோட்டார் சத்தத்தை அளப்பதற்காக.

உழைப்பாளியாக வந்தவர் மேசையில் கணினியைத் திறந்து வைத்து அதன்மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். உறங்காளி தூக்கம் வராமல் மூன்றாவது படத்துக்குப் போயிருந்தார். உல்லாசி மகளுடைய பள்ளிக்குப் போன் போட்டுக் கட்டணத் தேதியைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். ஆய்வாளர் இவற்றை எல்லாம் விதிவிலக்கு என்று குறித்துக்கொண்டார்.

சாய்மானம் தடுப்பை இறக்கினார். "சௌகரியமா இருக்கா?"

முதுகம்மா தடுப்பை ஏற்றினார்.

அவர் இறக்கினார். "ஏன், என்ன ஆச்சு?"

தடுப்பு ஏறியது.

இறங்கியது. "எல்லாரும் பார்க்கிறாங்க."

ஏறியது.

கண்ணாடி அறையில் துணைத்தலைவருக்கு மெய்சிலிர்த்தது. "பார்த்தீங்களா! கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் எப்படி விளையாடுறாங்க!"

"ஒளிஞ்சு பிடிச்சு விளையாடுற உளவியல் சார் இது" என்றார் ஆய்வாளர். அதற்கும் 'உ'வில் ஒரு பெயர் கிடைக்குமா என்று யோசிக்கத் தொடங்கினார்.

"மோட்டார் கொஞ்சம் சூடாகுது சார்" என்றார் பொறியாளர். அவருக்கு மட்டும்தான் எல்லாம் கேட்டது.

மதியச் சாப்பாடு முடிந்ததும் நள்ளிரவு ஆக்கினார்கள். ஜன்னல்கள் இருண்டன. சாய்மானம் மறுபடியும் பொத்தானை அழுத்தினார். அதே நொடியில் மறுபக்கம் முதுகம்மாவும் அழுத்தினார். மோட்டார் ஒருமுறை முனகியது, கருகல் வாடை வந்தது, தடுப்பு பாதியில் நின்றுவிட்டது. இருவருக்கும் மற்றவருடைய கண்கள் மட்டும் தெரிந்தன. மூக்குக்குக் கீழே பலகை.

இப்போது மேலேயும் போக முடியாது, கீழேயும் வர முடியாது. முதுகம்மா பேசினார்.

"இயக்குநர்கிட்ட என்ன சொன்னீங்க?"

சாய்மானத்துக்குக் களைப்புக் கணக்கு கலைந்தது. "அது... விருந்துல ஏதோ பேச்சு வந்தது. உனக்கு ஒத்துவராதுன்னு..."

"நான் எந்த டைப்?"

"என்ன?"

"அந்த டைப் இல்லன்னு சொன்னீங்களாமே. அப்ப எந்த டைப்? இங்கதான் நாலு வகை இருக்கே. நான் எதுல வர்றேன்?"

"உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். புது ஊரு, புது ஆளுங்க. உன்னால முடியாதுன்னு இல்ல..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

சாய்மானம் எழுந்து போகலாம்தான், ஆனால் எழுந்திருக்கக் கூடாதென்று விதி போட்டவர் அவர். பலகைக்கு மேலே அந்தக் கண்கள் நகராமல் இருந்தன.

"கேட்டா போறேன்னு சொல்லியிருப்ப" என்றார்.

"சொல்லியிருப்பேன்."

"அதான் கேக்கல."

அவர் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. இத்தனை வருடத்தில் மனைவிக்கு என்ன வேண்டும் என்று அவர் சரியாகக் கண்டுபிடித்த ஒரே தடவை அது. கண்டுபிடித்து, கையோடு அதைத் தட்டிக்கழித்தும் இருந்தார்.

கோபமல்லாத வேறு ஏதோ முதுகம்மாவின் கண்களில் இருந்தது. சாய்மானத்தால் அதை வகைப்படுத்த முடியவில்லை.

"நேத்து இயக்குநரைப் பார்த்துப் பேசி, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார் முதுகம்மா. "அடுத்த மாசம் கிளம்புறேன். உங்களைக் கேக்கல. கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

சாய்மானம் செத்துப்போன பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். "நான் இங்க தனியா..."

"ம். தனியாத்தான். பாதி வருஷம் நீங்க கண்காட்சி, சோதனைன்னு போறப்ப நான் இருந்த மாதிரி."

பொறியாளர் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சத்தம் எப்படிம்மா இருக்கு?" என்று துணைத்தலைவர் கேட்டார்.

"தெளிவா இருக்கு சார்" என்றார் பொறியாளர்.

சோதனை மாபெரும் வெற்றி என்று அறிக்கை வந்தது. தடுப்பு ஏறி இறங்கிய தடவைகளை வைத்து, ஜோடிகள் அதை வேறெந்த வசதியையும்விட அதிகம் விரும்புவதாக நிரூபித்திருந்தார்கள். மோட்டார் கருகியது மிதமிஞ்சிய ஆர்வத்தின் அடையாளம். அடுத்த கூட்டத்தில் இன்னும் வேகமான மோட்டார் போடுவதைப் பற்றித்தான் பேச்சு.

சாய்மானம் எழுந்து நின்றார். வழக்கமாக உட்கார்ந்தபடியே பேசுபவர் அவர். "ஏத்துறதுக்கு ஒருத்தர் அழுத்தினா போதும். இறக்கணும்னா ரெண்டு பேரும் அழுத்தணும். அப்படி மாத்தணும்."

அறையில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. "என்ன சார், ஜோடி இருக்கையில போய் பிரிவினையா?" என்று துணைத்தலைவர் வருந்தினார். பொறியாளர் மட்டும் ஆமோதித்துத் தலையை ஆட்டினார். அவர் ஆட்டியதாலேயே திட்டம் தோற்கும்போல இருந்தது.

காப்பாற்றியவர் ஆய்வாளர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதை 'உடன்பாட்டுத் தடுப்பு'ன்னு சொல்லலாமே" என்றார். 'உ'வில் தொடங்கியது. உடனே ஒருமனதாக ஏற்கப்பட்டது. அந்த ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்பு விருது துணைத்தலைவருக்குக் கிடைத்தது. மேடையில் அவர் தன் திருமண வாழ்க்கையே இதற்குத் தூண்டுகோல் என்றார். அவருடைய மனைவி அன்று வரவில்லை.

முதுகம்மா சொன்னபடியே கிளம்பினார். சாய்மானம் பெட்டி கட்ட உதவினார். எதை எங்கே வைப்பது என்று இரண்டு முறை சொன்னார், பிறகு தானாகவே நிறுத்திக்கொண்டார். விமான நிலையத்தில் பேச நிறைய இருப்பதுபோல இருந்தது. கடைசியில் "போனதும் போன் பண்ணு" என்பதுதான் வந்தது. முதுகம்மா அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு உள்ளே போனார்.

சில மாதங்கள் கழித்து அவர் மனைவியைப் பார்க்கப் போனார். வரலாமா என்று கேட்டு, வாங்க என்ற பதில் வந்த பிறகுதான் டிக்கெட் எடுத்தார். பிசினஸ் கிளாஸ் இருக்கைகளுக்கு முதுகைக் கொடுத்தவர் என்றாலும் அதில் உட்காரும் சம்பளத்தை நிறுவனம் அவருக்குக் கொடுக்கவில்லை. கடைசி வரிசை, நடு இடம். ஒரு பக்கம் ஓர் ஓட்டுநர், மறுபக்கம் கைக்குழந்தையோடு ஒரு தாய். குழந்தையின் கால் அவர் தொடைமேல் வந்து விழுந்தது. முழங்கால் முன் இருக்கையில் இடித்தது. சாய்மானம் என்று பெயர் பெற்றவரின் இருக்கை சாயவே இல்லை. பின்னால் கழிப்பறைச் சுவர். தன் வாழ்நாளில் முதல்முறையாக அவர் பக்கத்தில் இருந்தவரிடம் "கை வைக்க இடம் போதுமா உங்களுக்கு?" என்று கேட்டார். போதாது என்றார் ஓட்டுநர். மீதிப் பயணம் முழுக்க அது ஏன் போதாது என்று விளக்கினார்.

இறங்கியபோது இடுப்பு நிமிரவில்லை. முகவரி விசாரித்து மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது முதுகம்மா நோயாளிகளுக்கு நடுவே இருந்தார். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். யாரையும் கேட்டிருக்க மாட்டார். கதவருகே கோணலாக நின்ற கணவரைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்க. என்ன இப்படி வளைஞ்சு நிக்கிறீங்க? எங்க வலிக்குது?"

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். "எல்லா இடத்துலயும்" என்றார்.

"படுங்க."

அது குறுகலான, கறுப்பு ரெக்சின் மேசை. முகம் வைக்க ஒரு ஓட்டை, கை வைக்க இடமே இல்லை, கொஞ்சம் புரண்டால் கீழே விழ வேண்டியதுதான். இவ்வளவு மோசமான படுக்கையை வடிவமைத்தவன் யார் என்று கேட்க நினைத்தார். முதுகம்மாவின் கட்டைவிரல் முதுகுத்தண்டின் ஓரமாக மெல்ல இறங்கியது. கேள்வி பாதி வருவதற்குள் அவர் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.